பூபிரேக் பாதி கேட்ட பதில்

ஒரு நாளைக்கு நானூறு தடவை பெண்டாட்டி சொல்வதைக் கேட்டு, சொன்ன இடத்தில் நிற்கிற ஆண்பிள்ளை இந்த நகரத்தில் ஒருவர் இருக்கிறார். பதினேழாம் நம்பர் பஸ்ஸின் டிரைவர். டெப்போவில் அவரைப் பூபிரேக் என்பார்கள். அவர் பிரேக் போட்டால் பூ விழுந்த மாதிரி இருக்குமாம். நின்றபடி வருகிறவர் கையில் இருக்கிற டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பாதாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் வண்டியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர் ஒருவரும் இல்லை என்பது நிஜம்.

பெண்டாட்டி சமாச்சாரம் இதுதான். பஸ்களில் ஸ்பீக்கர் வைத்த வருஷம், நிறுத்தங்களின் பெயர்களைப் படிக்க வரவேண்டிய வானொலிக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. போக்குவரத்து அலுவலகத்தில், தவறவிட்ட பொருட்கள் பிரிவில், குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த அவர் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "சும்மா சோதனைக்கு நாலு வரி படிங்கம்மா" என்றார்கள். நாலு வரி நாற்பதாகி, நாற்பது நானூறாகி, பன்னிரண்டு வருஷமாக நகரத்தின் எல்லா வண்டிகளிலும் அவள்தான். "அடுத்த நிறுத்தம், மார்க்கெட். இறங்குபவர்கள் முன்கூட்டியே எழுந்து வரவும்." முகம் யாருக்கும் தெரியாது. குரல் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"வீட்டிலயும் நீ, வண்டியிலயும் நீ. எனக்கு எப்பம்மா லீவு?" என்று பூபிரேக் எப்போதாவது கேட்பார். அவர் வாயிலிருந்து வருகிற நீளமான பேச்சு அவ்வளவுதான். மனுஷர் பேச்சில் மகா கஞ்சன். மகன் வெளியூர் விடுதியிலிருந்து போன் செய்தால், "சாப்டியா? சரி. அம்மாகிட்ட தரேன்" என்பதோடு அவர் பங்கு முடிந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் குரலுக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. பதினேழாம் நம்பர் பாதையில், கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே இருக்கிற டாக்டரம்மா, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்காக போனில் ஒரு சேவை தொடங்கியிருந்தாள். உடம்பைப் பற்றி, உறவைப் பற்றி, யாரிடமும் கேட்க முடியாத கேள்விகளை அதில் கேட்கலாம். பெயர் வேண்டாம், வயதைச் சொன்னால் போதும். முதலில் பதில்களை எழுத்தில்தான் கொடுத்தார்கள். ஒருவரும் சீந்தவில்லை. வீட்டில் போன் திரை என்பது பொதுச்சொத்து இல்லையா? தம்பி எட்டிப் பார்க்கிறான், அம்மா வாங்கிப் பார்க்கிறாள், அப்பா பார்க்காத மாதிரி பார்க்கிறார். காதில் கேட்கிற மாதிரி வைத்தால் பாட்டு கேட்கிறது என்று விட்டுவிடுவார்கள். சரி, யார் குரலில் சொன்னால் நம்புவீர்கள் என்று டாக்டரம்மா கல்லூரி கல்லூரியாகப் போய் விசாரித்தாள். ஒரு பையன் எழுந்து சொன்னானாம்: "பஸ்ல பேசுற அக்கா சொன்னா நம்புவேன். அவங்க இதுவரைக்கும் தப்பான ஸ்டாப் சொன்னதே இல்ல."

அப்படித்தான் அவள் ஊருக்கே அக்கா ஆனாள். "அக்காகிட்ட கேட்டியா?", "அக்கா என்ன சொன்னாங்க?" என்று பின் சீட்டில் பிள்ளைகள் கிசுகிசுப்பது பூபிரேக்கின் காதில் விழும். அவள் இத்தனை பேருக்கு அக்கா என்றால் நான் இத்தனை பேருக்கும் மாமாவா என்று கண்ணாடியைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் சுகாதார நிலையத்தின் பின்னறையில் பதிவு. டாக்டரம்மா எழுதிக்கொடுக்கிற பதில்களை அக்கா முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே வாய்விட்டுப் படிப்பாள். "மாதவிடாய்ச் சுழற்சியில் ஒழுங்கின்மை" என்று தாளில் இருந்தால், "மாசா மாசம் சரியா வரலையா?" என்று அடித்துத் திருத்துவாள். ஆண்பிள்ளைகள் விஷயம் வந்தால்தான் திண்டாட்டம்.

"என்னங்க, இதை ஆம்பளைப் பசங்க அவங்களுக்குள்ள என்னன்னு சொல்வாங்க?" என்று சோப்புக் கையோடு தாளை நீட்டுவாள்.

பூபிரேக் தாளை ஒரு பார்வை பார்ப்பார். உடனே, தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்கக் கீழே கிளம்பிவிடுவார். அவர்கள் வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடி. மோட்டாரும் அவர்களுடையதல்ல, அதைப் பார்க்கிற வேலையும் அவருடையதல்ல. ஓடுவாரே தவிர, படியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். எவ்வளவு அழகாகச் சொல்கிறாள், பயந்துகிடக்கிற பிள்ளை இதைக் கேட்டால் எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று அவருக்குப் பெருமை பொங்கும். அதை அவளிடம் ஒரு தடவையாவது சொன்னாரா என்றால், இல்லை. அதுதான் வினை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாகப் பூபிரேக் ஹாலில்தான் படுக்கிறார். முதுகு வலிக்குத் தரைதான் நல்லது, ஹால் மின்விசிறிதான் காற்று தருகிறது என்று அவளிடம் இரண்டு காரணம் சொல்லிவைத்திருந்தார். இரண்டும் பொய். ஐம்பத்தொன்றாவது வயதில் ஒரு நாள், மனைவியோடு இருக்கிற நேரத்தில் அவருடைய உடம்பு ஒத்துழைக்க மறுத்துவிட்டது. ஒரு தடவை என்றால் களைப்பு என்று விட்டுவிடலாம். மூன்றாவது தடவைக்குப் பிறகு மனுஷர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். கெட்ட நேரம் பாருங்கள், அக்கா அந்தப் பதில்களைப் படிக்க ஆரம்பித்ததும் அதே வாரம்தான். அவள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டாள். இந்த மாதிரி விஷயங்களை ஊர் முழுக்கப் பேசுகிறவளோடு படுக்க அவருக்கு அருவருப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை டாக்டரம்மாகிட்ட சொல்லிடப் போறேன். இனிமே நான் படிக்கல."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பூபிரேக் வாயைத் திறந்தார், மூடினார், மென்று விழுங்கினார், வேலைக்குக் கிளம்பினார். காரணம் நீயில்லை, நான்தான் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் அந்த வேலையை விடப்போவதில்லை. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அக்கா குரல் நின்றுவிடும். இது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அவரை ரொம்பவும் திட்டவும் மனம் வரவில்லை, ஏனென்றால் அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு காரியம் செய்திருந்தார். அதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியாக நின்றபோது, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே அந்தச் சேவையைத் தன் போனில் திறந்தார். வயது கேட்டது. ஐம்பத்தொன்று என்று போட்டால் உள்ளே விடமாட்டார்களே? இருபத்திரண்டு என்று போட்டார். கேள்வியை ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால், கால் மணி நேரம் குத்தினார். யாரோ முன்பே கேட்டிருந்த கேள்விதான் போலிருக்கிறது, பதிவான பதில் உடனே வந்தது. காதில் மாட்டிக்கொண்டார். அவருடைய சொந்தப் பெண்டாட்டி, இருபத்தெட்டு வருஷமாக அவர் வீட்டில் இருப்பவள், அவர் காதுக்குள் பேசினாள்:

"கேட்டது நல்லதாப் போச்சு, தம்பி. உங்க வயசுல இது பெரும்பாலும் பதற்றத்தாலதான் வரும். தூக்கம் இல்லாம இருந்தா, கவலையா இருந்தா இப்படி ஆகும். நீங்க ஒண்ணும் குறைஞ்சு போயிடல. பயப்படாதீங்க, சரியாயிடும்."

பூபிரேக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, தேநீர்க் கடைக்குப் போயிருந்த கண்டக்டர் ஏறிவிட்டார். விசில் என்று பெயர் வாங்கியவர். எதையும் ஊதி ஊரைக் கூட்டுகிற ஆள். பூபிரேக் பதறிப்போய்க் காதில் இருந்ததைப் பிடுங்கிவிட்டு, திரையை இரண்டு தடவை தட்டினார். இதை அந்தச் சேவையின் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்தான் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் யாராவது வந்துவிட்டால் திரையை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். பதில் நின்றுபோய், அதே குரலில் ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர் வரும். கேட்கிறவர்கள், பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

"என்னண்ணே, வண்டியில கேக்குறது போதாதுன்னு போன்லயுமா? அண்ணி மேல அவ்வளவு பாசமா?" என்றார் விசில்.

அசடு வழியச் சிரித்து வைத்தார். அதோடு அந்தப் பதிலை விட்டுவிட்டார். பதற்றம்தானாம், சரியாகிவிடுமாம், அக்காவே சொல்லிவிட்டாள். அன்றைக்கு வண்டியை அவ்வளவு சந்தோஷமாக ஓட்டினார். ஐந்து வாரம் காத்திருந்தார். ஒன்றும் சரியாகவில்லை. எப்படி ஆகும்? பதில் இருபத்திரண்டு வயதுக்காரனுக்குச் சொன்னது.

புதன்கிழமை காலையில் வண்டியில் நல்ல கூட்டம். மார்க்கெட்டைத் தாண்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வண்டியின் நடுவிலிருந்து கணீரென்று அக்கா குரல்: "அடுத்த நிறுத்தம், ரயில் நிலையம். இறங்குபவர்கள் முன்கூட்டியே எழுந்து வரவும்."

ரயில் நிலையம் இன்னும் ஆறு நிறுத்தம் தள்ளி இருந்தது. ஆனால் அக்கா சொன்ன பிறகு யார் யோசிப்பார்கள்? பெட்டி படுக்கையோடு இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் பெட்டி இன்னொருவர் காலில் விழுந்தது. "அதுக்குள்ளயா வந்துடுச்சு?", "வழிய விடுங்க, வண்டி போயிடும்!" என்று வாசலுக்கு ஒரே நெரிசல். விசில் விடாமல் ஊதினார். அதே நேரத்தில் வண்டியின் நிஜ ஸ்பீக்கர் தன் கடமையைச் செய்தது: "அடுத்த நிறுத்தம், தபால் நிலையம்." பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா முன்னுக்குப் பின் முரணாகப் பேசினாள்.

"இந்தம்மாவுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பெரியவர் கூரையைப் பார்த்துக் கத்தினார்.

பூபிரேக் கண்ணாடியில் பார்த்தார். கம்பியைப் பிடித்தபடி ஒரு கல்லூரிப் பெண், காதில் மாட்டியது சார்ஜ் தீர்ந்து உயிர்விட்டிருக்க, போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இரண்டடி தள்ளி அப்போதுதான் ஏறிய ஓர் ஆள், "என்னம்மா, காலேஜுக்கா? அண்ணன் நல்லா இருக்காரா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா முறையாக இருக்க வேண்டும். பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை. பூபிரேக்குக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது.

"ஸ்பீக்கர்ல கோளாறு! எல்லாரும் உட்காருங்க!" என்று திரும்பிக் கத்தினார். அவர் குரல் இவ்வளவு உயரும் என்பது விசிலுக்கே அன்றுதான் தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு அந்தப் பெண் முன்னால் வந்தாள்.

"சாரி அங்கிள். அது என் போன்தான்."

"தெரியும்மா."

"காலேஜ் ஸ்டாப்பையே விட்டுட்டேன். சித்தப்பா இறங்குற வரைக்கும் வாசல்லயே நின்னாரு. அவரைத் தாண்டி இறங்கப் பயமா இருந்துச்சு." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "வீட்ல கேட்டா, ஏன் கேக்குறன்னு கேப்பாங்க அங்கிள். அக்கா மட்டும்தான் ஏன் கேக்குறன்னு கேக்க மாட்டாங்க. இன்னும் ரெண்டு கேள்வி அனுப்பியிருக்கேன். புதுக் கேள்விங்கிறதால வெள்ளிக்கிழமைதான் பதில் வருமாம்" என்றாள்.

அந்த அக்கா யார் என்று அவளுக்குத் தெரியாது. பூபிரேக் சொல்லவும் இல்லை. அவள் என்ன கேட்டாள் என்றும் அவர் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"இன்னிக்குப் பதிலை முழுசாக் கேட்டியா?"

"எங்க அங்கிள், பாதியிலதான் இப்படி ஆயிடுச்சே."

"முழுசாக் கேளும்மா. பாதியில விட்டுட்டு நாமளே ஒண்ணு நினைச்சுக்கக் கூடாது."

பெண் தலையாட்டிவிட்டுப் போனாள். பூபிரேக் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டார், சரி. அவர் கேட்ட பதிலின் மீதி எங்கே? போனை எடுத்தார். ஐந்து வாரத்துக்கு முந்தின பதில் அங்கேயே இருந்தது. விட்ட இடத்திலிருந்து அக்கா தொடர்ந்தாள்:

"ஆனா திரும்பத் திரும்ப வந்தா டாக்டரைப் பார்த்துடுங்க. நீங்களா கடையில மாத்திரை வாங்கிப் போடாதீங்க. நாற்பது தாண்டினவங்க யாராவது இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, அவங்க சர்க்கரையும் பிரஷரும் கட்டாயம் பார்க்கணும். உடம்பு முன்கூட்டியே சொல்ற சேதியா இருக்கலாம். கடைசியா ஒண்ணு. உங்க கூட இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. நீங்க ஒண்ணும் சொல்லாம விலகிப் போனா, அவங்க தன்மேலதான் ஏதோ குறைன்னு நினைச்சுக்கிட்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுவாங்க."

அந்தக் கடைசி வரியை டாக்டரம்மா எழுதியிருக்க மாட்டாள். டாக்டர்களுக்குக் குழாயெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரியும். ஹாலில் படுத்தபடி குளியலறைக் குழாய்ச் சத்தத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு வண்டியில் தனியாக உட்கார்ந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டார். நான் திட்டியதைவிட அதிகமாகவே திட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போனார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் எதையும் படிக்கவில்லை. பதினெட்டுப் பதில்கள் இருந்த தாள்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் மடித்தபடியே கிடந்தன. பூபிரேக் சமையலறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"என்ன?" என்றாள்.

"மோட்டார்..." என்றார்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை ஒன்றே முக்காலுக்கு, மார்க்கெட் நிறுத்தத்தில் அக்கா அவர் வண்டியில் ஏறினாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பையில் அந்தத் தாள்கள், திருப்பிக் கொடுப்பதற்கு. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கூரையிலிருந்து அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு நிறுத்தமாக ஆட்கள் இறங்கினார்கள். கடைசியில் இவளும், விசிலும், தூங்கிக்கொண்டிருந்த ஒரு பயணியும்தான் மிச்சம்.

"அடுத்த நிறுத்தம், சுகாதார நிலையம். இறங்குபவர்கள் முன்கூட்டியே எழுந்து வரவும்."

அக்கா எழுந்து வாசல் கம்பியைப் பிடித்தாள். நிறுத்தம் வந்தது. பூபிரேக்கின் கால் பிரேக்கின் பக்கம்கூடப் போகவில்லை. வண்டி நிறுத்தத்தைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது.

"என்னங்க! ஸ்டாப்பை விட்டுட்டீங்க!"

"தெரியும்."

விசில் ஊத வாயைத் திறந்தார். பூபிரேக்கின் முதுகைப் பார்த்தார். ஊதவில்லை. கடைசி நிறுத்தத்தில் தூங்கினவரை எழுப்பி, அவரையும் கூட்டிக்கொண்டு, கேட்காமலே தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். அந்த ஒரு காரியத்துக்காக விசில் இதுவரை ஊதிய எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

பூபிரேக் இன்ஜினை அணைத்தார். சீட்டிலிருந்து எழுந்து வந்து அவளுக்கு எதிரில் நின்றார்.

"அந்த வேலைய விடாத."

"உங்களுக்குப் பிடிக்காத வேலை எனக்கு எதுக்கு?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? மூணு மாசமா ஹால்ல படுக்குறீங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

பூபிரேக் மேல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஓடுகிற வண்டியில் நிற்கிறவர் மாதிரி.

"எனக்கு முடியல" என்றார்.

"என்ன முடியல?"

"அதான்... உன் பக்கத்துல வந்தா உடம்பு கேக்கல. மூணு மாசமா. பயமா இருந்துச்சு. மறுபடி வந்து, மறுபடி முடியாமப் போனா உன் முகத்தை எப்படிப் பார்க்கிறதுன்னு ஹாலுக்குப் போயிட்டேன். உன் வேலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீ படிக்கிறதைப் படியில நின்னு கேப்பேன். இந்த ஊர்ல உன்னை மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க."

அவர் ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதை ஒரே மூச்சில் பேசிவிட்டார். அக்கா கம்பியை விட்டுவிட்டு மெல்ல சீட்டில் உட்கார்ந்தாள். 

"தண்ணி தாகம் அதிகமா இருக்கா?" என்றாள்.

"என்னது?"

"ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?"

"நாலஞ்சு தடவை. நீ என்ன டாக்டரா?"

"இருநூத்திப் பதினாறு பதில் படிச்சிருக்கேன்." பிறகுதான் அவள் குரல் உடைந்தது. "என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே."

"எப்போ?"

போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் கேள்வியைப் படித்தாள். மேலே இருந்த வயதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இருபத்திரண்டா?"

"உள்ள விடணுமில்ல?"

"நான் என்ன பதில் சொன்னேன்?"

"பயப்படாதீங்க, தம்பின்னு சொன்ன."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பியா! அடக் கடவுளே, தம்பியா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் நிற்கவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று பூபிரேக்குக்குத் தெரியவில்லை. அவர் தோளில் இரண்டு அடி வைத்தாள், நல்ல அடி.

"நான் அழுதது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா படுத்துக் கிடந்தீங்க?"

 அதற்குப் பதில் எந்தச் சேவையிலும் கிடைக்காது. "தப்புதான்" என்று மட்டும் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து தாள்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்து, முதல் தாளைப் பிரித்தாள்.

"ஒரு வரிகூடத் திருத்தல இன்னும்" என்று முணுமுணுத்தாள். "உங்க ட்யூட்டி எப்ப முடியுது?"

"இன்னும் ஒரு நடைதான்."

"முடிஞ்சதும் நேரா அங்க வாங்க. டாக்டரம்மாவைப் பார்த்துடலாம். வேணும்னா நான் சொல்லிடுறேன், நீங்க சும்மா உட்காருங்க."

"வேணாம்" என்றார். "நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு."

மூன்றேகாலுக்குப் பூபிரேக் சுகாதார நிலையத்தின் பெஞ்சில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவரைத் தவிர அங்கே எல்லோருக்கும் இருபது வயதுதான் இருக்கும். யாரோ ஒரு பிள்ளையின் அப்பா போல என்று நினைத்து, பையன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். பையன்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஆளாளுக்குக் காதில் மாட்டிக்கொண்டு எதையோ கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.  எழுந்து போய்விடலாமா என்று பூபிரேக் ஒரு தடவை வாசலைப் பார்த்தார். பக்கத்தில் அக்கா பென்சிலோடு தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். போகவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்த்து, "சொல்லுங்க, என்ன விஷயம்?" என்றாள். அக்கா வாயைத் திறக்கப் போனாள். உடனே மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"மூணு மாசமா எனக்கு முடியல டாக்டர்" என்று பூபிரேக் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. தாகம், ராத்திரி எழுந்திருப்பது, தலையணை, ஹால், இருபத்திரண்டு வயது, பாதியில் விட்ட பதில், எல்லாவற்றையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். ஊருக்கெல்லாம் பேசுகிற அக்கா, மேஜைக்குக் கீழே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். அன்றைய பதிவு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகத்தான் தொடங்கியது. பதினெட்டுப் பதில்களும் முடிய ஆறு மணி ஆனது. பூபிரேக் அதுவரை பெஞ்சில் காத்திருந்து, பிறகு அவளோடு வீட்டுக்குப் போனார்.